வலிக்காத நெறிக்கட்டி

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பல் சொத்தையாகிச் சீழ் வைத்தால் தாடைக்குக் கீழே கட்டும். குழந்தையின் தலையில் சிரங்கு இருந்தால் பிடரியில் சின்னச் சின்னதாகத் தட்டுப்படும். தொட்டால் வலிக்கும், கொஞ்சம் சூடாக இருக்கும், புண் ஆறியதும் தானாக வற்றிவிடும். உடம்பு கிருமியோடு சண்டை போடுகிறது என்பதற்கு அது அடையாளம். அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கட்டுரை வேறொரு நெறிக்கட்டியைப் பற்றியது. எங்கேயும் புண் இருக்காது. கழுத்தின் பக்கவாட்டிலோ, காறை எலும்புக்கு மேலே உள்ள குழியிலோ, அக்குளிலோ ஒரு கட்டி தெரியும். கல்லாகவும் இருக்காது, குழைவாகவும் இருக்காது. அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும், ஆனால் வலிக்காது. இரண்டு வாரம், நான்கு வாரம் ஆகியும் வற்றாது. சிலருக்கு மெல்ல வளரும், சிலருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். வலி இருந்தால்தான் மருத்துவரைத் தேடிப் போவது நம் வழக்கம். அதனால் இந்தக் கட்டியோடு பலர் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

வலிக்காத கட்டி எல்லாம் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை அல்ல என்றே சொல்லலாம். ஆனால் நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய், அதாவது மருத்துவர்கள் லிம்ஃபோமா என்று சொல்லும் நோய், பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தலைகாட்டுகிறது. அதில் பல வகைகளை முற்றிலும் குணப்படுத்த முடியும். ஆனால் எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். கட்டியை எடுத்து முறையாகப் பரிசோதிக்காமல் அது தெரியாது. நம் ஊரில் மிக அதிகமாகத் தவறவிடப்படும் படி அதுதான் என்பதால், அந்த இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

வடிகாலும் காவலும்

ரத்தம் நுண்ணிய தந்துகிகள் வழியே போகும்போது அதன் நீர்ப்பகுதி கசிந்து திசுக்களுக்குள் இறங்குகிறது. செல்களுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் பெரும்பகுதி ரத்தக் குழாய்க்கே திரும்பிவிடும். திரும்பாமல் தங்குவது நாளொன்றுக்குச் சில லிட்டர். வயலுக்கு வாய்க்கால் மட்டும் போதாது, வடிகாலும் வேண்டும். நம் உடம்பில் அந்த வடிகால் நிணநீர்க் குழாய்கள். தேங்கிய நீரைச் சேகரித்து, கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் கொண்டுபோய் அவை சேர்க்கின்றன. இதைத் தள்ளுவதற்குத் தனி இதயம் கிடையாது. நாம் நடக்கையில், மூச்சு விடுகையில் தசைகள் அழுத்துவதாலும் குழாய்ச் சுவரே சுருங்குவதாலும் நிணநீர் நகர்கிறது. உள்ளே இருக்கும் வால்வுகள் பின்னால் போகவிடாமல் தடுக்கின்றன.

போகும் வழியெங்கும் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. உடம்பு முழுவதும் சுமார் 600. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ளவை வீங்கினால் கையில் தட்டுப்படும். மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இருப்பவை ஸ்கேனில்தான் தெரியும். மண்ணீரல், டான்சில், தைமஸ், எலும்பு மஜ்ஜை, குடல் சுவரில் உள்ள சில திட்டுகள் எல்லாம் இந்த மண்டலத்தைச் சேர்ந்தவையே. இந்த நோய் வயிற்றிலோ தோலிலோ மூளையிலோகூடத் தொடங்க முடிவது அதனால்தான்.

கணுக்களுக்குள் குடியிருப்பவை லிம்ஃபோசைட் என்னும் வெள்ளையணுக்கள். அவற்றில் பி செல், டி செல் என இரண்டு முக்கியப் பிரிவுகள். பி செல் செய்யும் வேலை ஆச்சரியமானது. ஒரு கிருமியைச் சந்தித்த பி செல் கணுவின் மையத்துக்குப் போய் வேகமாகப் பெருகுகிறது. பெருகும்போது, எதிர்ப்பொருள் தயாரிக்கும் தன் மரபணுவைத் தானே வெட்டுகிறது, ஒட்டுகிறது, எழுத்தெழுத்தாக மாற்றிப் பார்க்கிறது. கிருமியை இன்னும் கச்சிதமாகப் பிடிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிய செல் பிழைக்கும், மற்றவை மடியும். உடம்பின் பெரும்பாலான செல்கள் தங்கள் மரபணு சிதையாமல் காப்பாற்றப் பாடுபடும்போது, இவை வேண்டுமென்றே அதில் கைவைக்கின்றன. தடுப்பூசி பலனளிப்பதற்கு இந்தத் திறமையும் ஒரு காரணம்.

வெட்டி ஒட்டும் வேலையில் எப்போதாவது பிழை நேரும். எதிர்ப்பொருள் மரபணு 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பி செல்லில் அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். 18ஆவது குரோமோசோமிலிருந்து ஒரு துண்டு தவறுதலாக அதன் அருகில் வந்து ஒட்டிக்கொண்டால், செல் சாவதைத் தடுக்கும் பிசிஎல்2 என்ற மரபணு ஓயாமல் விழித்திருக்கும். அந்த செல் சாக வேண்டிய நேரத்தில் சாகாது. ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற மெதுவான வகை பெரும்பாலும் இப்படித் தொடங்குகிறது. 8ஆவது குரோமோசோமிலிருந்து மிக் என்ற மரபணு வந்து ஒட்டினால் செல் நிற்காமல் பிரிந்துகொண்டே போகும். பர்கிட் லிம்ஃபோமா என்ற மிக வேகமான வகைக்கு அதுதான் தொடக்கம்.

இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நோய் தெரிந்த வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “என்ன தப்பு செய்தோம்?” என்பது. எதைச் சாப்பிட்டதால் வந்தது, எந்த அலைச்சலால் வந்தது, யாருடைய கவலையால் வந்தது என்று மனம் துருவிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அப்படி விரல் நீட்டிக் காட்டக்கூடிய தவறு எதுவும் கிடையாது. நம்மைக் காக்கும் வேலையின் நடுவே ஒரு செல்லுக்குள் நேர்ந்த விபத்து இது. தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சில தன்னெதிர்ப்பு நோய்கள் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டு குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மார்பகப் புற்றுநோய் அக்குள் கணுவுக்குப் பரவினால் அது லிம்ஃபோமா ஆகாது; மார்பகப் புற்றுநோய்தான், அதற்குரிய சிகிச்சைதான். ரத்தப் புற்றுநோய் எனப்படும் லுகேமியா எலும்பு மஜ்ஜையில் தொடங்கி ரத்தத்தில் பரவுகிறது; லிம்ஃபோமா பெரும்பாலும் கணுக்களில் கட்டியாகத் தொடங்குகிறது. இரண்டும் உறவுக்காரர்கள்; சில வகைகளில் எல்லைக்கோடே மங்கலாக இருக்கும்.

காசநோயின் முகமூடி

கட்டியைத் தவிர மூன்று அறிகுறிகளை மருத்துவர் கட்டாயம் விசாரிப்பார். காரணம் தெரியாமல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல். படுக்கை விரிப்பை மாற்ற வேண்டிய அளவுக்கு இரவில் வியர்ப்பது. ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் நோயின் நிலையோடு “பி” என்ற எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள். சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு இருக்கும். தோல் மருத்துவரிடம் அலைந்த பிறகே நோய் தெரியவரும். மார்புக்குள் கட்டி இருந்தால் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் முகவீக்கமும் வரலாம்.

இந்தப் பட்டியலைப் படித்ததும் நம் ஊர் மருத்துவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். அதிலும் கழுத்தில் கட்டி வரும், மாலைக் காய்ச்சல் வரும், வியர்க்கும், எடை குறையும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். கண்டமாலை என்று நம் வைத்தியர்கள் அறிந்திருந்த கழுத்துக் கட்டிகளில் பெரும்பகுதி இந்தக் காசநோயாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவர் அப்படி நினைப்பதில் குற்றமில்லை. சோதித்து உறுதி செய்யாமல், “காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம்” என்று தொடங்குவதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆறு மாத மருந்து. இரண்டு மாதம் போயும் கட்டி வற்றாது. “சிலருக்கு மெதுவாகத்தான் கேட்கும்” என்பார்கள். அந்த இடைவெளியில் கழுத்தில் இருந்தது மார்புக்கும் வயிற்றுக்கும் போயிருக்கும்.

இந்தக் குழப்பம் நோயின் வரலாறு முழுக்க இருக்கிறது. 1832இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்துவந்த தாமஸ் ஹாட்ஜ்கின், கணுக்களும் மண்ணீரலும் வீங்கிய ஏழு பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நுண்ணோக்கி இல்லாமல், வெறும் கண்ணால் பார்த்து எழுதியது. ஏழு பேருக்கும் ஒரே நோய்தான் இருந்தது என்று இன்று சொல்ல முடியாது. ஆனாலும், வேறு நோயின் விளைவாக இல்லாமல் கணுக்களிலேயே பிறக்கும் நோய் ஒன்று உண்டு என்று அவர் கண்டுகொண்டது பெரிய விஷயம். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு அவர் பெயரையே சூட்டினார். 1898இல் வியன்னாவின் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் அதில் காணப்படும் ராட்சத செல்லை விவரித்தார். ஆனால் இதுவும் காசநோயின் ஒரு வடிவமே என்று நினைத்தார். 1902இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டோரதி ரீட் என்ற இளம் மருத்துவர்தான் அதே செல்லைத் துல்லியமாக வரைந்து காட்டி, இது காசநோய் அல்ல, தனி நோய் என்று நிறுவினார். பெண் என்பதால் அந்தத் துறையில் தனக்கு மேலே போக வழியில்லை என்று கண்டு அவர் வெளியேறினார். ஆனால் இன்றும் உலகெங்கும் நோய்க்குறியியல் அறிக்கைகளில் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று அவர் பெயர் முதலில் வருகிறது.

டோரதி ரீட் நுண்ணோக்கியில் தீர்த்துவைத்த வழக்கை, நுண்ணோக்கியே பார்க்காமல் மறுபடி திறக்க நமக்கு எந்த நியாயமும் இல்லை.

பரிசோதனை எப்படி நடக்க வேண்டும்? முதலில் பெரும்பாலும் எஃப்என்ஏசி எனப்படும் மெல்லிய ஊசிச் சோதனை செய்வார்கள். காசநோயைக் கண்டுபிடிக்க அது பல நேரம் போதும். ஊசியில் வந்ததை சிபிநாட் சோதனைக்கு அனுப்பினால் காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் லிம்ஃபோமாவைப் பொறுத்தவரை ஊசி போதாது. கணுவின் கட்டமைப்பு எப்படிக் குலைந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஊசியில் உதிரி செல்கள்தான் வரும். ஹாட்ஜ்கின் வகையில் புற்றுச் செல்கள் கட்டியில் நூற்றில் ஒன்றிரண்டுதான் இருக்கும்; மீதி அவற்றைச் சுற்றிக் கூடிய சாதாரண அணுக்கள். ஊசி அந்த ஒன்றிரண்டைத் தவறவிட்டால் “சாதாரண வீக்கம்” என்று அறிக்கை வரும். எனவே முழுக் கணுவையும் சிறிய அறுவை செய்து எடுப்பதே நல்லது. கட்டி ஆழத்தில் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் திசுத் துண்டுகள் எடுப்பார்கள்.

“கத்தி வைத்தால் பரவிவிடும்” என்ற பயம் இங்கே பெரிய தடை. லிம்ஃபோமாவில் இப்படித் திசு எடுத்துச் சோதிப்பதால், அதாவது பயாப்சியால், நோய் பரவாது. எடுக்காமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது.

இன்னொன்றும் முக்கியம். காரணம் தெரியாத வீக்கத்துக்குச் சிலர் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். லிம்ஃபோமா செல்கள் ஸ்டீராய்டுக்குச் சட்டென்று சுருங்கும். கட்டி வற்றும், காய்ச்சல் நிற்கும், எல்லோருக்கும் நிம்மதி. சில வாரத்தில் திரும்ப வரும். அதற்குள் பயாப்சி செய்தாலும் சரியான விடை கிடைக்காமல் போகலாம். மூச்சுக்குழாய் நெரிபடுவது போன்ற அவசரம் இருந்தாலொழிய, பயாப்சிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்பது இந்தத் துறையில் உறுதியான விதி. நீங்களே மருத்துவரிடம் கேட்கலாம்: “டாக்டர், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? கட்டியை எடுத்துப் பார்த்த பிறகு சாப்பிடலாமா?” நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எடுத்த கணுவை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லியதாகச் சீவிப் பார்ப்பார்கள். பிறகு ஐஹெச்சி என்ற சாயச் சோதனை. செல்லின் மேல் எந்தப் புரத அடையாளம் இருக்கிறது என்று அது சொல்லும். சிடி20 இருந்தால் பெரும்பாலும் பி செல் வகை. சிடி3 இருந்தால் டி செல் பக்கம். சிடி30, சிடி15 இருந்தால் ஹாட்ஜ்கின் என்று யோசிப்பார்கள். கேஐ-67 என்ற எண் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று காட்டும். “லிம்ஃபோமா போலத் தெரிகிறது” என்று மட்டும் சொல்லும் அறிக்கையோடு கீமோவைத் தொடங்கக் கூடாது. வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் அந்த மெழுகு பிளாக்கையும் சிலைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியலாளர் பார்த்து வகையே மாறிப்போன சம்பவங்கள் அரிதல்ல.

எந்த வகை?

ஹாட்ஜ்கின், ஹாட்ஜ்கின் அல்லாதவை என்று இரண்டாகப் பிரிப்பது பழைய வழக்கம். இரண்டாவது பிரிவுக்குள் மட்டும் பல பத்து நோய்கள் இருக்கின்றன. அவற்றின் போக்கும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுக்கு வேறுபடும். “என் மாமாவுக்கும் இதே நோய்தான், அவருக்கு இப்படி ஆனது” என்று உறவினர் சொல்வதைக் கேட்டு நம்பிக்கையோ பயமோ கொள்ள வேண்டாம். அவருக்கு வந்தது வேறு நோயாக இருக்கும்.

ஹாட்ஜ்கின் வகை பெரும்பாலும் இளைஞர்களைத் தாக்குகிறது, பிறகு ஐம்பதைத் தாண்டியவர்களை. நம் நாட்டில் சிறுவர்களிடமும் காண்கிறோம். கல்லூரி, முதல் வேலை, கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் வருவதால் வீடே இடிந்துபோகும். ஆனால் புற்றுநோய்களிலேயே மிக நன்றாகக் குணமாகும் நோய்களில் இது ஒன்று. தொடக்க நிலையில் கண்டுபிடித்துச் சிகிச்சையை முடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது.

மற்ற வகைகளில் ஒரு வினோதம் இருக்கிறது. வேகமாக வளரும் லிம்ஃபோமா ஆபத்தானது. சிகிச்சை இல்லாவிட்டால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உயிரைப் பறிக்கும். ஆனால் வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கீமோ நன்றாகத் தாக்கும். எனவே அது முற்றிலும் குணமாகக்கூடியது. உலகிலும் நம் நாட்டிலும் மிக அதிகமாகக் காணப்படும் டிஎல்பிசிஎல் என்ற வகை இப்படிப்பட்டது. நல்ல சிகிச்சை பெற்றால் பத்தில் ஆறு பேர் குணமடைகிறார்கள். மெதுவாக வளரும் ஃபாலிகுலர் போன்ற வகைகளோ பெரும்பாலும் அடியோடு ஒழிவதில்லை, ஆனால் பல ஆண்டுகள், பலருக்குப் பதினைந்து இருபது ஆண்டுகள்கூட, மற்றவர்களைப் போல வாழவிடும். அறிகுறி எதுவும் இல்லாத மெதுவான வகைக்கு மருத்துவர் “இப்போது மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள், கவனிப்போம்” என்று சொல்லக்கூடும். புற்றுநோய் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கச் சொல்கிறாரே என்று குடும்பத்தார் வேறு மருத்துவமனைக்கு ஓடுவார்கள். முன்கூட்டியே கீமோ கொடுத்ததால் இவர்களின் ஆயுள் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. காத்திருப்பதும் ஒரு சிகிச்சை முறைதான். அந்தத் துணிச்சலை நோயாளிக்குக் கொடுக்கப் பக்கத்தில் இருப்பவர்களால் முடியும்.

வகை தெரிந்ததால் சிகிச்சை எவ்வளவு எளிதாக முடியும் என்பதற்கு வயிற்றில் வரும் மால்ட் லிம்ஃபோமா நல்ல உதாரணம். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இரைப்பையில் பல ஆண்டுகள் தங்கினால், அதை எதிர்க்கக் கூடும் பி செல்கள் சிலருக்குப் புற்றாக மாறுகின்றன. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் இருந்த ஆறு பேருக்கு அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் மாத்திரையை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருக்குக் கட்டி மறைந்தது. அல்சருக்குக் கொடுக்கும் அதே ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள்!

பர்கிட் லிம்ஃபோமாவின் கதை உகாண்டாவில் நடந்தது. கம்பாலாவில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், தாடை விகாரமாக வீங்கிய குழந்தைகளை அடுத்தடுத்துப் பார்த்து 1958இல் எழுதினார். மழையும் வெப்பமும் மிகுந்த, மலேரியா பரவிய பகுதிகளில்தான் இது அதிகம் என்று ஆப்பிரிக்கச் சாலைகளில் பல ஆயிரம் மைல் கார் ஓட்டிப் போய் உறுதிசெய்தார். 1961இல் லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், கட்டியில் வைரஸ் இருக்கலாம் என்று தேடத் தொடங்கினார். 1964இல் அவரும் இவோன் பாரும் பெர்ட் அச்சாங்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் பெரும்பாலான பெரியவர்களின் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கிறது. மலேரியாவோ எதிர்ப்பாற்றல் குறைவோ சேரும்போது சிலருக்கு இப்படித் திரும்புகிறது.

நோயின் நிலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பெட்-சிடி ஸ்கேனும், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜைச் சோதனையும் செய்து ஒன்று முதல் நான்கு வரை நிலை குறிப்பார்கள். உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில் கணுக்கள் வீங்கியிருந்தால் முதல் இரண்டு நிலைகள், இரு பக்கமும் இருந்தால் மூன்று, மஜ்ஜை, கல்லீரல் போன்ற உறுப்புகளுக்குப் போயிருந்தால் நான்கு. மற்றப் பல புற்றுநோய்களில் நான்காம் நிலை என்றால் கைவிரிப்பார்கள். லிம்ஃபோமாவில் அப்படி அல்ல. நான்காம் நிலையிலும் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள். இணையத்தில் “ஸ்டேஜ் 4” என்று தேடி, அங்கே இருப்பதைப் படித்து மனம் உடைந்துபோக வேண்டாம்.

நித்தியகல்யாணியும் நச்சுப்புகையும்

முதல் கீமோ மருந்து போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் கடுகு வாயுவுக்கு ஆளானவர்களின் வெள்ளையணுக்கள் அழிந்துபோயிருந்ததை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதே குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டை லிம்ஃபோமா முற்றிய ஒருவருக்கு ஊசியாகப் போட்டார்கள். கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பி வந்தன. போர் ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்லவில்லை. இன்று தரும் சைக்ளோபாஸ்பமைடு அந்த வாயுவின் பக்குவப்படுத்தப்பட்ட பேரப்பிள்ளை.

இன்னொரு மருந்து நம் வீட்டு முற்றத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியில் இருக்கிறது. பூர்வீகம் மடகாஸ்கர். பல நாடுகளில் அதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளை 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளில் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. எலிகள் தொற்று கண்டு செத்தன. பார்த்தால் அவற்றின் வெள்ளையணுக்கள் குறைந்துபோயிருந்தன. வெள்ளையணுவைக் குறைப்பது வெள்ளையணுப் புற்றுக்கு மருந்தாகலாமே என்று யோசித்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உடன்பிறப்பு வின்கிறிஸ்டினும் அதே செடியிலிருந்து வந்தது. சுமார் அரை டன் காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் வின்பிளாஸ்டின்தான் கிடைக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் இந்தச் செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மருந்துக்கு அனுப்புகிறார்கள். கரிசல் காட்டு விவசாயி காயவைக்கும் இலைக்கும், புற்றுநோய் வார்டில் சொட்டும் மருந்துக்கும் உள்ள இந்த உறவு இன்னும் பலருக்குத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. கூடவே ஒரு எச்சரிக்கை: அந்த இலையைப் பறித்து அரைத்துக் குடிப்பது சிகிச்சை ஆகாது. அதில் விஷத்தன்மை உள்ள பல பொருள்கள் கலந்திருக்கின்றன, அளவும் கட்டுப்பாட்டில் இருக்காது.

ஹாட்ஜ்கினுக்கு ஏபிவிடி என்ற நான்கு மருந்துக் கூட்டு பரவலாகத் தரப்படுகிறது. 1970களில் மிலான் நகரில் ஜியானி பொனடோனா உருவாக்கியது. அதில் “வி” என்பது வின்பிளாஸ்டின். டிஎல்பிசிஎல் வகைக்கு ஆர்-சாப். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு சுற்று. அதிலுள்ள “ஆர்”, ரிடக்சிமாப். பி செல்லின் மேல் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்த செல்லைக் கொல்ல வைக்கும் எதிர்ப்பொருள் இது. 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை எட்டாத உயரத்தில் இருந்தது. 2007இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு இணையான மருந்தைக் கொண்டுவந்த பிறகு நம் நாட்டில் பல குடும்பங்களுக்குக் கைக்கு வந்தது. மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கும் திரும்ப வந்தவர்களுக்கும் ஸ்டெம் செல் மாற்று உண்டு. நோயாளியின் டி செல்களையே எடுத்து, புற்றை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையும் இப்போது வந்துவிட்டது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, அக்டோபர் 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்றாலும் சாதாரணக் குடும்பத்துக்கு அது இன்னும் பெரிய தொகைதான்.

மருந்து தொடங்குமுன் சில விஷயங்களை உறுதிசெய்யுங்கள். இந்த இரண்டு கூட்டிலும் உள்ள டாக்சோரூபிசின் என்ற மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் எக்கோ எடுக்க வேண்டும். ரிடக்சிமாப் தருவதானால் ஹெபடைட்டிஸ் பி ரத்தச் சோதனை கட்டாயம். உள்ளே உறங்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலை அழித்துவிடலாம். பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்துவைப்பதைப் பற்றிக் கேளுங்கள். கூச்சப்பட்டு இதைக் கேட்காமல் விட்டுப் பின்னால் வருந்தும் இளைஞர்கள் உண்டு. கீமோ நடக்கும் மாதங்களில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ளையணு குறைந்த உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும். நாட்டு மருந்தோ கஷாயமோ எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பலருக்கு இரண்டு மூன்று சுற்றில் கட்டி மறைந்துவிடும். “அதான் போய்விட்டதே” என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வரும் நோய் முதல் நோயைவிடக் கடினமானது.

சிகிச்சை முடிந்த பின் ஸ்கேனில் மார்பில் சிறிய கட்டி மிச்சமிருப்பதாக வரலாம். பெட் ஸ்கேனில் அது ஒளிராவிட்டால் பெரும்பாலும் ஆறிய தழும்புதான். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் சரியாக வந்து காட்ட வேண்டும். வேகமான வகைகள் திரும்புவதானால் பெரும்பாலும் அதற்குள்தான் திரும்பும். அதன் பிறகும் எந்த மருந்து மொத்தம் எவ்வளவு போட்டார்கள், கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். இளம் வயதில் மார்பில் கதிர்வீச்சு பெற்ற பெண்கள் மார்பகப் பரிசோதனையை மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகத் தொடங்க வேண்டும்; டாக்சோரூபிசின் பெற்றவர்கள் இதயத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும்; கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு குறையலாம். இருபது ஆண்டு கழித்து வேறொரு ஊரில் வேறொரு மருத்துவர் கேட்கும்போது, அந்தத் தாளில் இருப்பதை வைத்துத்தான் அவர் முடிவெடுப்பார்.